செடி இல்லாத வரைபடம்

போட்டு பதினான்கு மாதம்கூட ஆகாத பேவர் கல்லை நானே கடப்பாரையால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன சார், எலி ஏதும் பூந்துடுச்சா?" என்றார். எலி இல்லை. அடியில் போக வேண்டிய ஒரு நாலங்குலக் குழாயைப் போட மறந்துவிட்டோம். மறந்தோம் என்பதுகூடப் பொய். அப்படி ஒரு குழாய் வேண்டும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது.

மறைமலை நகர் பக்கம் ஒரு கிரவுண்டு மனை. 40-க்கு 60, தெரு கிழக்கே. 28-க்கு 40 வீடு போக முன்னால் 12 அடி, பின்னால் 8, தெற்கே 7, வடக்கே 5 என்று நாலு பக்கமும் மண் மிச்சம். கூட்டிப் பார்த்தால் 1280 சதுர அடி, வீட்டைவிடப் பெரிய இடம். வீட்டுக்கு இன்ஜினீயர் வரைபடம், அனுமதி, கம்பிக் கணக்கு என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன், இந்த 1280 சதுர அடிக்குச் செலவழித்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு, வைகாசியில் கிரகப்பிரவேசம் முடிந்த அடுத்த வாரம். நர்சரியிலிருந்து பதினான்கு செடிகளோடு வந்தேன். ஒட்டு மா இரண்டு, தென்னை ஒன்று, கொய்யா, எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, மிச்சமெல்லாம் பூச்செடி. ஊரிலிருந்து முருங்கைப் போத்து தனியாக வந்தது. வரைபடமும் இருந்தது. மகளின் டிராயிங் நோட்டில் வீட்டைச் சதுரமாகப் போட்டு, சுற்றிலும் பச்சை வட்டங்கள். மா ஒரு வட்டம், தென்னை ஒரு வட்டம். எல்லா வட்டமும் ஒரே அளவு! மாமரத்துக்கும் மல்லிகைக்கும் ஒரே வட்டம் போட்டவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முன்பக்கம் 480 சதுர அடிக்கும், மரத்துக்கு விட்ட மண் இடம் தவிர, பேவர் கல் ஏற்கெனவே போட்டாயிற்று, சதுர அடி 78 ரூபாய் கணக்கில். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் செப்டிக் டேங்க். வாயு மூலையில், அதாவது வடமேற்கில் இருக்கிறது. அதன் சிமெண்ட் மூடி அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதன்மேல் செங்கல் வைத்துத் தொட்டி கட்டி, மண் நிரப்பி, செம்பருத்தி வைத்திருந்தேன். அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி, டாய்லெட்டில் ஊற்றின தண்ணீர் இறங்க மறுத்தது. லாரி வந்தது, ஓஸை வடக்குச் சந்து வழியாக இழுத்தும் வந்தார்கள். "சார், மூடி எங்க?" என்று கேட்டார் வந்தவர். செம்பருத்தியைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டே நானும் மைத்துனரும் தொட்டியை உடைத்தோம். செம்பருத்தி அப்போதுதான் முதல் மொட்டு விட்டிருந்தது.

அடுத்து தெரு. வீடு கட்டும்போது மண் ரோடு. மழைக்கு முன்னால் சிமெண்ட் ரோடு வந்தது, எங்கள் கேட் தரையைவிட நாலங்குலம் உயரமாக. புதிதாக ரோடு போட்டால் தெரு உயரும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் பேவர் போட்ட அன்று அது நினைவுக்கு வரவில்லை. தெருத் தண்ணீர் உள்ளே, மொட்டைமாடித் தண்ணீர் உள்ளே, நடுவில் வழவழவென்று பேவர். முன்வாசல் ஒரு தாம்பாளம் ஆகிவிட்டது.

கார்த்திகையில் அப்பா வந்திருந்தார். மயிலாடுதுறைப் பக்கம் நடவு வயலிலேயே வாழ்ந்தவர். அன்று ராத்திரி நல்ல மழை. டிவியில் 10 சென்டிமீட்டர் என்றார்கள். எங்கள் மொட்டைமாடி 1120 சதுர அடி, கிட்டத்தட்ட 104 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, அந்த ஒரு ராத்திரியில் மாடியில் மட்டும் 10,000 லிட்டருக்கு மேல். காசு கொடுத்து வாங்கினால் ஒரு லாரித் தண்ணீர். அது நாலு மூலைக் குழாய் வழியாக இறங்கி, சுவர் ஓரமாகவே நின்றது.

அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வெளக்குமாறு ஒண்ணு கொண்டாடா, பழசு" என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடை, இடுக்கில் டார்ச், இன்னொரு கையில் உருவின ஈர்க்குச்சிகள். தண்ணீர் நிற்கிற இடத்தின் விளிம்பில் ஒன்றொன்றாகக் குத்திக்கொண்டே போனார். ஓடுகிற இடத்தில் குச்சியைச் சாய்த்துக் குத்தினார், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம். பேவர் மேல் குத்த முடியாத இடத்தில் சந்தில் செருகினார். அரைமணி நேரம். உள்ளே வந்து தலை துவட்டிக்கொண்டு, "காலையில பாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் தண்ணீர் வடிந்திருந்தது, குச்சிகள் நின்றன. மூன்று தேக்கம். வாசல் படியருகே ஒன்று, தென்கிழக்கில் சமையலறைக்கு வெளியே ஒன்று, வடகிழக்கில் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒன்று. மூன்றாவதைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. சம்ப் மூடி தரையிலிருந்து இரண்டங்குலம்தான் உயரம். இன்னும் கொஞ்சம் பெய்திருந்தால் தெருச் சாக்கடை எங்கள் குடிதண்ணீரில் கலந்திருக்கும்.

குச்சிகளை இணைத்துக் கோலமாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி காபியோடு வந்து பார்த்தாள். "இதுக்கா ராத்திரி பூரா கூத்து? தெனம் வாசல் தெளிச்சுக் கோலம் போடறவளுக்குத் தெரியாதா, இந்தப் பக்கம் காயவே காயாதுன்னு? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கேட்கவில்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள்: பேவர் கல் மேல் கோலம் போடவே முடியவில்லையாம். மாவு சந்துக்குள் போய்விடுகிறது, இழை நிற்பதில்லை. ஆறு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருக்கிறாள். சரி, இதையும் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்: அடுத்த ஆனி வரை ஒரு செடி வாங்குவதில்லை, ஒரு கல் நகர்த்துவதில்லை. பார்ப்பது, அளப்பது, எழுதுவது மட்டும். அப்பா ஊருக்குக் கிளம்பும்போது தென்னங்கன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "கரண்டு கம்பிக்கு நேர் கீழே வெச்சிருக்கே. அது ஏறி வர்றப்ப யாரு வெட்டறது?" நான் மேலே பார்த்ததே இல்லை.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கிற அந்த நீளமான டியூப் போதும். முப்பதடி வாங்கி, தண்ணீர் நிரப்பி, பார்வைக்குத் தெரிய இரண்டு சொட்டுச் சொட்டுநீலம் விட்டேன். ஒரு முனை வாசல் படியில், மறுமுனை முன்பக்கத்தின் ஒவ்வொரு மூலையிலும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று டேப்பில் அளந்தால் தீர்ந்தது. முதல் நாள் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. குழாய்க்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டித் தட்டி வெளியேற்றிய பிறகு சரியான கணக்கு வந்தது: முன்பக்கத் தரை தெருவை நோக்கிச் சரியாமல், வீட்டை நோக்கி ஓரங்குலம் சரிந்திருந்தது. 12 அடிக்குத் தெருப் பக்கமாக ஒன்றரை அங்குலம் இறக்கம் கொடுத்திருக்க வேண்டும், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆனால் இப்போது தெருவே உயர்ந்துவிட்டதே! ஆகவே தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுவது நடக்காது, உள்ளேயே இறக்கியாக வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. கல்லுக்கு அடியில் ஒரு குழாய் வேண்டும் என்ற எண்ணம் பிறந்த இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். எங்கள் வரைபடத்திலும் அது இருந்தது. தரையில் ஒன்றரை அடிக் குழி, அதில் நாலு கூடை ஜல்லி. 10,000 லிட்டருக்கு அந்தக் குழி எம்மாத்திரம்?

மண் சோதனை தை மாதம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுவது. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். எங்கள் பாட்டிலில் பாதிக்கு மேல் களி. அப்புறம் ஓரடி நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தேன். பின்பக்கம் நாலு மணி நேரம். முன்பக்கம், மரத்துக்கு விட்ட மண்ணில், ராத்திரி ஊற்றினது காலையில் முக்கால் குழி அப்படியே இருந்தது. களிமண்ணாக இருந்தாலும் இது அநியாயம் என்று கடப்பாரையைப் போட்டேன். முக்கால் அடியில் டங்கென்று சத்தம். தோண்டிப் பார்த்தால் கலவை போட்ட இடம். வீடு கட்டிய எட்டு மாதமும் சிமெண்ட் பால் வழிந்து இறுகி, அடைபோல ஒரு தகடு. அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், பெயிண்ட் டப்பா மூடி, ஒரு பிளாஸ்டிக் சாந்துச் சட்டி. இந்தத் தகட்டுக்கு மேலேதான் என் ஒட்டு மா இரண்டும் நின்றுகொண்டு, வேர் அழுகிச் செத்தன. நான் அதுவரை நர்சரிக்காரரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது வெயில் விஷயம். என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தியது இதுதான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வடக்குச் சந்து ஐந்தடி அகலம். முதல் வருஷம் ஆடியில் அங்கே வெண்டை, கத்தரி, தக்காளி போட்டிருந்தோம். ஆடிப் பட்டம் தேடி விதைத்தாயிற்று, முளைப்பும் அருமை. புரட்டாசியில் செடிகள் நெட்டையாக, வெளிறிப் போய், காய்க்காமல் நின்றன. உரம் போதவில்லை என்று சாணம் போட்டேன். இன்னும் நெட்டையாயின.

மார்கழி நடுவில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் வீட்டு நிழலைச் சாக்பீஸால் குறித்தேன். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வீட்டின் உயரம் 14 அடி. நிழல் வடக்கே பத்தடி விழவேண்டும். ஐந்தடிச் சந்தை முழுக்க மூடி, காம்பவுண்டு சுவரில் ஏறி, பக்கத்துக் காலிமனைக்கும் போயிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சந்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை. பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் நிழல் மூன்றடியாகச் சுருங்கியது. சித்திரை இரண்டாவது வாரத்தில் நிழலே இல்லை, சூரியன் நேர் உச்சியில். அப்புறம் நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பித்தது!

வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அதாவது ஆடி முடிகிறவரை அந்தச் சந்து வெயில் காயும். ஆவணி பிறந்ததும் சூரியன் தெற்கே தாண்டும், சந்து இருளத் தொடங்கும். என் வெண்டைக்காய் நல்ல வெயிலில் முளைத்து, காய்க்கிற நேரத்தில் நிழலுக்குள் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வருஷம் முழுக்க உட்கார வேண்டியதும் இல்லை. மார்கழியிலிருந்து ஆனி வரை ஆறு மாதம் குறித்தால் போதும், மிச்ச ஆறு மாதம் அதே கோடுகள் திரும்பி வரும்.

தெற்குப் பக்கம் இதற்கு நேர் எதிர். மார்கழியில் அங்கேதான் வெயில், ஆனால் ஐந்தடிக் காம்பவுண்டு சுவர் மூன்றரை அடிக்கு மேல் நிழல் போடுகிறது. ஆகவே அங்கே பாத்தி சுவர் ஓரம் இருக்கக் கூடாது, வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும்; நடைபாதை சுவர் ஓரம். பொதுவாக எல்லாரும் தலைகீழாகத்தான் போடுகிறோம்.

இத்தனையும் வைத்து மாசியில் தொடங்கிய வரைபடம் கிராஃப் தாளில். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டடி. 60 அடிக்கு 30 சென்டிமீட்டர், தாளில் மயிரிழையில் அடங்கவில்லை, இரண்டு தாளை ஒட்டினேன். அதில் செடியே கிடையாது. சம்ப், போர், செப்டிக் மூடி, சேம்பர்கள், பூமிக்கடியில் போகும் குழாய்கள், மேலே போகும் மின்கம்பி, மூன்று தேக்கம், மார்கழி நிழல், ஆனி நிழல். பிறகு மனுஷ வழிகள்: சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல், அங்கிருந்து கொடிக்கம்பி, கேட்டிலிருந்து பைக் திரும்புகிற வளைவு, செப்டிக் லாரி ஓஸ் வருகிற தடம். எல்லாம் போட்ட பிறகு பார்த்தால் மரம் வைக்கத் தோதான இடம் மொத்தமே நாலு. பதினான்கு செடி வாங்கியவனுக்கு நாலு இடம்.

ஆனி மாதம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சார், மொதல்ல கல்லப் போட்டுடலாம், வாசல் நீட்டாயிடும். பைப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"போன தடவையும் அப்படித்தானே மேஸ்திரி பண்ணோம்?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

வேலை வரிசை இதுதான். முதலில் இடிபாட்டை வாரி, சிமெண்ட் தகட்டை உடைத்து வெளியேற்றினோம், இரண்டு டிராக்டர் லோடு. அடுத்து தென்கிழக்கு முன்மூலையில், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, கிணற்று உறை இறக்கினோம். மூன்றடி விட்டம், பன்னிரண்டடி ஆழம். எட்டடிக்குக் கீழே கிராவல் வந்ததும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அந்த மூலையைத் தேர்ந்ததற்குக் காரணம், செப்டிக் டேங்க் இருக்கும் மூலைக்கு நேர் எதிர்க்கோடி அது. பின்பக்க மாடிக் குழாய்கள் இரண்டையும் தெற்குச் சந்து வழியாக உறைக்குக் கொண்டுவந்தோம், 48 அடிக்கு அரையடி இறக்கம். உறைக்கு முன்னால் கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி. முதல் மழையின் அழுக்கை வெளியே விட ஒரு மூடி. உறை, பள்ளம், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். சம்ப் மூடியையும் ஓரடி உயர்த்திக் கட்டினோம்.

கல் போடுவதற்கு முன் நான் அடம்பிடித்துச் செய்த ஒன்று: வாசலின் குறுக்கே இரண்டு காலிக் குழாய், இரு முனையிலும் மூடி போட்டு. எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். எதற்கும் இல்லை. நாளைக்குக் கேட் விளக்குக்கு ஒயர், சொட்டுநீர்க் குழாய், கேமரா, ஏதாவது வரும். அன்றைக்குக் கடப்பாரை எடுக்காமல் இருக்கத்தான். பள்ளங்களை மூடும் முன் டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பேவர் 480-லிருந்து 260 சதுர அடியாகக் குறைந்தது. பைக்கும் மனுஷரும் போகிற தடத்தில் மட்டும் கல், பழைய கல்லே போதுமானதாக இருந்தது. மிச்சம் மண். மத்தியானம் ஹாலுக்குள் அடித்துக்கொண்டிருந்த அனல் பாதியாகக் குறைந்தது, இதை நான் திட்டமிடவே இல்லை. கேட்டுக்கு உள்ளே ஐந்துக்கு நாலடி வழவழப்பான சிமெண்ட் தளம், கோலத்துக்கு.

செடிகள் ஆவணி கடைசியில்தான் வந்தன. பின்பக்கம் கொய்யா, எலுமிச்சை. தெற்கே துவைக்கிற தண்ணீர் போகிற பாதையில் கல்வாழையும் இரண்டு வாழையும், சமையலறைக் கதவோரம் கறிவேப்பிலை. முன்னால் ஒரு பவளமல்லி. முருங்கையைத் தென்மேற்கில் வைக்க மாமியார் சொன்னார். கிளை முறிந்தால் பக்கத்து வீட்டு ஷீட் மேல்தான் விழும் என்று தாளைக் காட்டினேன். கோபித்துக்கொண்டார், இப்போது சரியாகிவிட்டது. காய்கறிக்கு இரண்டு பாத்தி: சித்திரையிலிருந்து ஆடி வரை வடக்கு, ஐப்பசியிலிருந்து மாசி வரை தெற்கு. வடக்கு இருளுகிற மாதங்களில் அங்கே மணத்தக்காளி, கற்பூரவள்ளி, சுவரோரம் வெற்றிலை. அவை நிழலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்தக் கார்த்திகையிலும் ஒரு பெரிய மழை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் உறை மூடியைத் தூக்கினேன். உள்ளே அருவிபோல விழுந்துகொண்டிருந்தது, விழ விழ இறங்கியது. சம்ப்பைச் சுற்றி ஈரம்தான், தேக்கம் இல்லை. படியருகே ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். காலையில் போன் செய்தார்.

"எல்லாம் வடிஞ்சுதா?"

"வடிஞ்சுதுப்பா. துளசி மாடத்துக்குப் பின்னால மட்டும் ஒரு தட்டளவுக்கு நிக்குது."

"குச்சி குத்தினியா?"

குத்தியிருந்தேன், நாலு குச்சி.